நூலில் படியும் கற்கண்டு: புரதம் தப்பாக மடிந்தால் மூளையில் என்ன நடக்கிறது?

புரதம் என்றால் நம் வீடுகளில் பருப்பு, முட்டை, அப்புறம் ஜிம்முக்குப் போகும் பையன் வாங்கி அடுக்கியிருக்கும் பெரிய டப்பா. சாப்பிடுகிற சமாச்சாரம். ஆனால் சாப்பிட்ட புரதம் அப்படியே உடம்பில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. வயிற்றிலும் குடலிலும் அது உதிரியாக உடைகிறது. அந்த உதிரிகளை வைத்து உடம்பு தனக்கு வேண்டிய புரதங்களைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அப்படிக் கட்டிய ஒன்று. வெறும் சோற்றை மென்றுகொண்டே இருந்தால் வாயில் லேசாக இனிக்கும், கவனித்திருப்பீர்கள். மாவுச்சத்தை அங்கேயே வெட்டிப்போடும் எச்சில் அமைலேஸ் இன்னொன்று.

இவை ஒவ்வொன்றும் ஒரு கருவி. கருவிக்கு வடிவம்தான் உயிர். அரிவாள்மனையின் இரும்பை உருக்கிக் கம்பியாக நீட்டினால் எடை குறையாது, இரும்பும் மாறாது, ஆனால் அதில் வாழைக்காய் நறுக்க முடியாது.

அல்சைமர், பார்க்கின்சன் என்று நாம் கேள்விப்படும் மூளைநோய்களின் அடியில் இந்த வடிவச் சிக்கல் இருக்கிறது. இறந்தவரின் மூளையை நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும் கறைகளும் முடிச்சுகளும் வெளியிலிருந்து வந்தவை இல்லை. அவர் உடம்பே செய்த புரதங்கள். பெரும்பாலான நோயாளிகளிடம் அந்தப் புரதத்தின் வரிசையில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. மடிந்த விதம்தான் மாறியிருக்கும்.

சரத்தை மடிப்பது யார்?

புரதம் பிறக்கும்போது ஒரு சரம். பூக்காரம்மா மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று மாற்றி மாற்றித் தொடுப்பதைப் போல, 20 வகை அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம். கோக்கிற வேலை ரைபோசோமுடையது. மனித செல்லில் நொடிக்கு 5, 6 வீதம் கோத்துக்கொண்டே போகும். இந்த ரைபோசோமின் அணு அமைப்பைக் கண்டறிந்ததற்காகத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-ல், இன்னும் இருவரோடு சேர்த்து, வேதியியல் நோபல் கிடைத்தது.

டிஎன்ஏவில் எழுதியிருப்பது இந்தச் சரத்தின் வரிசை. எந்த இடத்தில் மடிய வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தனியாக ஒரு குறிப்பும் அதில் கிடையாது. பின்னே யார் மடிப்பது?

பெருமளவுக்குத் தண்ணீர். ரசத்தின் மேல் நெய்ப்பொட்டுகள் தனித்தனியாக மிதக்கும். கரண்டியால் லேசாகக் கலக்கினால் இரண்டு பொட்டு சேர்ந்து ஒன்றாகும், அது இன்னொன்றோடு சேரும். நெய்க்கு நெய்மேல் தனிப்பாசம் ஒன்றும் இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்துக்கொள்ள வசதியாக நெய்யை ஓரங்கட்டுகின்றன, அவ்வளவுதான். 20 அமினோ அமிலங்களில் சிலவற்றுக்கு இந்த நெய்க்குணம் உண்டு. சில தண்ணீரோடு ஒட்டுபவை. செல்லின் நீரில் சரம் விழுந்ததும் நெய்க்குணப் பகுதிகள் உள்ளே ஒதுங்குகின்றன, நீரை விரும்பும் பகுதிகள் வெளியே நிற்கின்றன, சரம் சுருண்டு ஒரு கட்டியான உருவம் பெறுகிறது. இந்த நெய்க்குணத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பாதியில் வில்லன் வேடம் கட்டப்போவதும் இதுதான்.

அதற்காகச் சரம் இஷ்டத்துக்கு வளைந்துவிடாது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கீல்கள் உண்டு. கீல் எந்தக் கோணத்துக்கும் திரும்பும்போலத் தெரியும். திருப்பிப் பார்த்தால் பக்கத்து அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும். எந்தெந்தக் கோணங்களில் முட்டாது என்று கணக்கிட்டு, அதை ஒரு சதுர வரைபடமாக 1963-ல் வெளியிட்டார்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும். அந்தச் சதுரத்தின் பெரும்பகுதி காலி. நடுவே சில தீவுகள். ஒரு தீவு ஸ்பிரிங்போலச் சுருளும் ஆல்ஃபா சுருளுக்கு உரியது. இன்னொன்று, ஏறக்குறைய நேராக நீண்டு பக்கத்து இழையோடு சேர்ந்து தகடாகும் பீட்டா இழைக்கு உரியது. இன்று உலகில் எந்த ஆய்வகம் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அதை ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். நம் பள்ளிப் பாடங்களில் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

வரிசைக்குள்ளேயே வடிவம் இருக்கிறது என்று காட்டியவர் அமெரிக்காவின் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சென். அவர் எடுத்துக்கொண்டது மாட்டின் கணையத்தில் கிடைக்கும் ரைபோநியூக்ளியேஸ் என்ற சின்னப் புரதம். 124 அமினோ அமிலங்கள். அதில் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும் கந்தக முனைகள் 8 உண்டு. ஜோடி ஜோடியாக 4 கொக்கிகள். யூரியாவைச் சேர்த்து மடிப்பைக் குலைத்தார், இன்னொரு வேதிப்பொருளால் கொக்கிகளையும் கழற்றினார். புரதம் வெறும் நூலாகி வேலை நின்றுபோனது. பிறகு இரண்டையும் நீக்கிவிட்டுக் காற்றுப்பட வைத்தார். நூல் தானே மடிந்து பழையபடி வேலைக்குத் திரும்பியது. 8 முனைகள் ஜோடி சேர 105 வழிகள் இருக்கின்றன. அதில் சரியான ஒன்றை மறுபடி பிடித்துவிட்டது. யூரியாவை நீக்காமல் கொக்கி போடவிட்டபோதோ, கண்டபடி மாட்டிக்கொண்டு சுமார் 1 சதவீத வேலைதான் தேறியது. ஆக, முதலில் மடிப்பு, கொக்கி அதற்குப் பிறகு. 1972-ல் அவருக்கு நோபல் கிடைத்தது.

இங்கே ஒரு கணக்கு இடிக்கும். 100 அமினோ அமிலச் சரத்தில் ஒவ்வொன்றும் 3 நிலைகளில் இருக்கலாம் என்று வையுங்கள். மொத்த வடிவங்கள் 3-ஐ 100 முறை பெருக்கினால் வரும் எண், 48 இலக்கம். நொடிக்குப் பத்து லட்சம் கோடி வடிவங்களைச் சோதித்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஆகும் ஆண்டுகளை எழுத 1-க்குப் பின்னால் 27 சுழியம் போட வேண்டும். பிரபஞ்சத்தின் வயதே ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுதான். ஆனால் சின்னப் புரதங்கள் மில்லிநொடிகளில் மடிந்துவிடுகின்றன. 1969-ல் சைரஸ் லெவிந்தால் எழுப்பிய புதிர் இது. விடை, புரதம் தேடவே இல்லை என்பது. மலையில் பெய்த மழை எல்லா வழியையும் நடந்து பார்த்துவிட்டா ஏரிக்கு வருகிறது? சரிவு எங்கே இழுக்கிறதோ அங்கே ஓடுகிறது. மடிப்புக்கும் அப்படி ஒரு சரிவு உண்டு. சில நெய்க்குணப் பகுதிகள் முதலில் ஒதுங்கிவிட்டால் மிச்சத்துக்கு வழி தானாகக் குறுகிவிடும்.

கூட்டத்தில் கொசுவம்

ஆன்ஃபின்செனின் புரதம் சோதனைக்குழாயில் காலாற மடிந்தது. செல்லுக்குள் அந்தச் சொகுசு இல்லை. ஒரு பாக்டீரியா செல்லுக்குள் பெரிய மூலக்கூறுகள் மட்டுமே லிட்டருக்கு 300 கிராமுக்குக் குறையாத அடர்த்தியில் அடைந்து கிடக்கின்றன. அதில் ஒரு சரம் மடிவது, தீபாவளிக்கு முந்தின ஞாயிறன்று ரங்கநாதன் தெரு நடுவில் நின்று புடவைக்குக் கொசுவம் வைப்பது மாதிரி. மடிந்து முடியாத சரத்தின் நெய்க்குணப் பகுதிகள் வெளியே தெரியும். பக்கத்தில் இன்னொரு அரைகுறைச் சரமும் அப்படியே நின்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

இதைத் தடுக்கவே தனிப் புரதங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வைத்த பெயர் சாப்பரோன் (chaperone); திருமணமாகாத பெண்ணுக்குக் காவலாகக் கூடப்போகும் மூத்த பெண்மணியைக் குறிப்பது. தமிழில் சிலர் 'தோழிப் புரதம்' என்று சொல்லப் பார்க்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. அகப்பாட்டுத் தோழி தலைவனையும் தலைவியையும் சேர்த்துவைப்பவள். இந்தப் புரதமோ சேரக்கூடாதவர்கள் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. அதே பாட்டுகளில் வரும் வளர்ப்புத்தாயான செவிலி என்பதுதான் பொருத்தம். வளர்ப்பதும் அவள், இற்செறித்துக் காவல் வைப்பதும் அவள்.

செவிலிப் புரதங்களில் ஒரு வகை, சரம் வெளிவரும்போதே அதன் நெய்க்குணப் பகுதிகளைக் கவ்வி மூடிக்கொள்ளும். இன்னொரு வகை மூடிபோட்ட பீப்பாய் வடிவம். சரத்தை உள்ளே தள்ளி மூடி, சில நொடி தனிமை கொடுத்து, பிறகு திறந்துவிடும். உள்ளே போன புரதம் மடிந்திருந்தால் சரி, இல்லையென்றால் மறுபடி உள்ளே. காய்ச்சல் வந்தால் செல் இந்தச் செவிலிகளை அதிகமாகச் செய்கிறது, ஏனென்றால் சூடு மடிப்பைத் தளர்த்தும். இந்த வெப்ப எதிர்வினையை 1962-ல் முதலில் எழுதிய இத்தாலியர் ஃபெருச்சியோ ரிட்டோசா பார்த்துக்கொண்டிருந்தது பழ ஈக்களை. கூட வேலை செய்த யாரோ இன்குபேட்டரின் சூட்டைத் தெரியாமல் ஏற்றிவைத்ததால் தற்செயலாகக் கண்ணில் பட்ட விஷயம் அது.

செவிலியாலும் திருத்த முடியாததை செல் குப்பைக்கு அனுப்பும். யுபிக்விடின் என்ற சிறு புரதத்தை அடையாளச் சீட்டாக ஒட்டினால், புரோட்டியாசோம் என்ற அரவை எந்திரம் அதை இழுத்துத் துண்டுபோடும். அந்த எந்திரத்தின் வாய் சின்னது, ஒரு சரமாகப் பிரிந்து வந்தால்தான் நுழைய முடியும். கட்டிதட்டிப் போனதை ஒரு பைக்குள் சுற்றி மொத்தமாகக் கரைக்க வேறு ஏற்பாடு இருக்கிறது.

ஆரோக்கியமான வடிவம் என்பது ஒருமுறை அமைந்துவிட்டால் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். பார்த்துப் பார்த்துக் காப்பாற்றப்படும் நிலை அது.

ஏரிக்குப் பக்கத்தில் கிணறு

முன்னே சொன்ன ஏரி உவமையை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். மழைநீர் ஏரியில் வந்து நின்றது. ஆனால் கரைக்கு அந்தப் பக்கம் ஏரியைவிட ஆழமான ஒரு கிணறு இருக்கிறது. கரை உயரமாக இருக்கும்வரை தண்ணீர் ஏரியிலேயே நிற்கும். புரதங்களுக்கு அப்படி ஒரு கிணறு உண்டு. பெயர் அமிலாய்டு.

பெயரே தப்பு. 1854-ல் ருடால்ஃப் ஃபிர்ஹோ என்ற ஜெர்மன் மருத்துவர் மூளைத் திசுவில் கண்ட ஒரு பொருள் அயோடினுக்கு நிறம் மாறியதால், மாவுச்சத்து என்று நினைத்து 'மாவுபோன்றது' எனப் பெயரிட்டார். புரதம் என்று சீக்கிரமே தெரிந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் சரங்கள் பீட்டா இழைகளாக நீண்டு, ஏணிப்படிபோல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படுகின்றன. படிக்குப் படி இடைவெளி 0.47 நானோமீட்டர். மேலேயும் கீழேயும் முடிவே இல்லாத அடுக்கு. மேல்படி எப்போதும் அடுத்த சரத்துக்குக் காத்துக்கொண்டே இருக்கும். 1930-களில் இங்கிலாந்தின் லீட்ஸில் வில்லியம் ஆஸ்ட்பரி, வேகவைத்த முட்டை வெள்ளையை இழுத்துப் பிடித்து எக்ஸ்-கதிரில் பார்த்தபோதே இந்தக் குறுக்கு அடுக்கின் சாயல் தெரிந்தது.

ஏதோ சில கெட்ட புரதங்களுக்குத்தான் இந்தக் குணம் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். கிறிஸ்டோபர் டாப்ஸன் குழுவினர் 2001-ல் தசையில் இருக்கும் மையோகுளோபினை அமிலாய்டாக்கிக் காட்டினார்கள். நோயோடு எந்தத் தொடர்பும் இல்லாத, முழுக்க ஆல்ஃபா சுருளால் ஆன, பீட்டா இழையே இல்லாத புரதம் அது. சூழ்நிலை அமைந்தால் அதுவும் கிணற்றில் விழுகிறது. இதை வாசித்தபோதுதான் எனக்கு இந்த விஷயம் உறைத்தது. புரதத்தை உள்ளே கட்டிப்பிடித்து வைத்திருக்கும் அதே ஒட்டும் குணம், பக்கத்துச் சரத்தைப் பிடித்தால் அமிலாய்டு. அந்தக் குணம் இல்லாமல் மடிப்பே இல்லை, மடிப்பு இல்லாமல் உயிரில்லை. எல்லா அமிலாய்டும் கெடுதல் என்றும் இல்லை. நம் தோலுக்கும் முடிக்கும் கறுப்பைத் தரும் மெலனின், நிறமி செல்லுக்குள் அமிலாய்டு இழைகளின்மேல்தான் படிகிறது.

கிணற்றில் விழுவது எப்படித் தொடங்குகிறது? கற்கண்டைப் பாருங்கள். பழைய முறையில் செய்த பனங்கற்கண்டைக் கடித்தால் பல்லில் நூல் சிக்கும். பாகைக் காய்ச்சிப் பாத்திரத்தில் ஊற்றி நூல்களைத் தொங்கவிடுவார்கள். நாள்கணக்கில் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். நூலில் முதல் சின்ன மணி பிடித்துவிட்டால், அதன் முகத்தில் அடுத்த மூலக்கூறு அதே அடுக்கில் உட்காரும். பிறகு நிற்காது. அமிலாய்டும் இப்படித்தான். முதல் கரு உருவாவது அபூர்வம், ஆண்டுகள் எடுக்கும். உருவான பின் வேகம் பிடிக்கும். வளர்ந்த இழை முறிந்தால் இரண்டு முனை, அதாவது இரண்டு புதிய நூல்.

பாலில் உறைமோர் ஊற்றுவதை உவமையாகச் சொல்பவர்களும் உண்டு. மோரில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா, தின்று பெருகுகிறது. இங்கே உயிரே இல்லை. வெறும் வடிவம் தன்னைப் படியெடுக்கிறது. அதனால் கற்கண்டையே வைத்துக்கொள்வோம்.

உயிரில்லாமல் பரவிய நோய்

பாப்புவா நியூகினியின் கிழக்கு மலைப்பகுதியில் வாழும் ஃபோரே மக்களிடம் 1950-களில் ஒரு நோய் உச்சத்தில் இருந்தது. பெயர் குரு. நம் வாத்தியாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடுக்கம் என்று பொருள். முதலில் நடை தள்ளாடும், பிறகு உடம்பு நடுங்கும், பேச்சு குழறும், பெரும்பாலும் ஓராண்டுக்குள் மரணம். செத்தவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். சில சிற்றூர்களில் வளர்ந்த பெண்களே அரிதாகிப்போனார்கள்.

இறந்த உறவினரின் உடலை உண்டு வழியனுப்புவது ஃபோரே வழக்கம். மண்ணுக்கும் புழுவுக்கும் விடுவதைவிட, பாசமுள்ளவர்களின் உடம்புக்குள் போவது மேல் என்பது அவர்கள் எண்ணம். மூளை உள்ளிட்ட பகுதிகள் பெண்களுக்கும் அவர்களோடு இருந்த சிறுபிள்ளைகளுக்கும் போயின. மானுடவியலாளர்கள் ஷெர்லி லிண்டன்பாமும் ராபர்ட் கிளாசும் ஊர் ஊராக உட்கார்ந்து உறவுமுறை கேட்டு இதைக் கோத்தெடுத்தார்கள். நோயாளியின் மூளைத் திசுவைச் சிம்பன்சிகளுக்குச் செலுத்தி, நீண்ட காத்திருப்புக்குப் பின் அவற்றுக்கும் நோய் வருவதை கார்ல்டன் கைடுசெக் குழுவினர் 1966-ல் வெளியிட்டார்கள். 1960 வாக்கில் வழக்கம் நின்றுவிட்டது. ஆனால் குழந்தையாக இருந்தபோது உண்டவர்களில் சிலருக்கு 40 ஆண்டு கழித்தும் நோய் வந்தது. கற்கண்டின் காத்திருப்பு ஞாபகம் வருகிறதா?

வைரஸ் என்று எல்லோரும் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆடுகளுக்கு வரும் இதுபோன்ற ஸ்க்ரேபி நோயின் காரணி, டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் சிதைக்கும் புற ஊதாக் கதிரைத் தாங்கியது. 1982-ல் ஸ்டான்லி புரூசினர், இது வெறும் புரதம்தான் என்று சொல்லி 'ப்ரையான்' என்று பெயரும் வைத்தார். மரபுப்பொருளே இல்லாத ஒன்று எப்படித் தொற்றும் என்று பலர் கேலி செய்தார்கள். பிறகு தெரிந்தது, அந்தப் புரதத்துக்கான மரபணு நம் எல்லோரிடமும் இருக்கிறது. சாதாரண வடிவம் மூளை செல்லின் மேற்புறத்தில் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கிறது; தப்பாக மடிந்த வடிவம் வந்து தொட்டால் அதுவும் அப்படியே மாறுகிறது. 1993-ல் அந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்கு ஸ்க்ரேபியைச் செலுத்திப் பார்த்தார்கள். நோய் வரவில்லை. நூல் போட்டாயிற்று, பாகுதான் இல்லை. 1997-ல் புரூசினருக்கு நோபல்.

அதற்குள் பிரிட்டனில் மாட்டின் எலும்பு, இறைச்சிப் பொடியையே மாட்டுக்குத் தீவனமாகப் போட்டு, ஃபோரே கதையைத் தொழிற்சாலை அளவில் திரும்ப நடத்தியிருந்தார்கள். மாடுகளுக்கு வந்ததுதான் 'மேட் கவ்' எனப்படும் பைத்திய மாட்டு நோய். அந்த இறைச்சி வழியே மனிதர்களுக்கும் தாவியது; மனிதர்களில் மட்டும் அங்கே 178 பேர் இறந்தார்கள்.

மறதியும் நடுக்கமும்

1901-ல் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு 51 வயது ஆகுஸ்டெ டெட்டர் கொண்டுவரப்பட்டார். மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் பெயர் கேட்டார். "ஆகுஸ்டெ." கணவர் பெயர்? "ஆகுஸ்டெ" என்றே பதில் வந்தது. என்னையே தொலைத்துவிட்டேன் என்று அந்த அம்மா சொன்னதும் குறிப்பேட்டில் இருக்கிறது. 1906-ல் அவர் இறந்தபின் மூளையை வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்த அல்சைமர் இரண்டு விஷயங்களைக் கண்டார். செல்களுக்கு வெளியே கறைகள். செல்களுக்கு உள்ளே முடிச்சுகள்.

கறை, அமிலாய்டு-பீட்டா என்ற துண்டுப் புரதம். 1984-ல் ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வாங்கும் பிரித்தெடுத்தார்கள். நரம்பு செல்லின் மேலிருக்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு இடத்தில் வெட்டும்போது விழும் துண்டு இது. 40 அமினோ அமிலத்தில் வெட்டினால் அவ்வளவாக ஒட்டாது. 42-ல் வெட்டினால் கூடுதலாக வரும் இரண்டும் நெய்க்குணம் கொண்டவை, சட்டென்று ஒட்டும். தாய்ப்புரதத்தின் மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் 3 இருப்பதால் பாகு அதிகம். அவர்களில் பலருக்கு நடுவயதிலேயே இந்தக் கறைகள் வந்துவிடுகின்றன.

முடிச்சு, டௌ என்ற வேறு புரதம். செல்லுக்குள் சரக்கு ஓடும் தண்டவாளங்களைத் தாங்கிப்பிடிப்பது அதன் வேலை. நினைவு எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதோடு கறையைவிட முடிச்சின் பரவல்தான் நன்றாக ஒத்துப்போகிறது. மூளை நிறையக் கறையோடு, தெளிவாகப் பேசி வாழ்ந்து இறந்த முதியவர்களும் உண்டு. அதனால் கறைதான் குற்றவாளி என்று நேராகச் சொல்லிவிட முடியாது. பெரிய கறையைவிட, அது உருவாகும் வழியில் தோன்றும் சின்னஞ்சிறு கூட்டங்கள்தான் செல்லின் சவ்வைக் கெடுக்கின்றன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கறை அவற்றைப் பூட்டிவைக்கும் குப்பைத்தொட்டியாகக்கூட இருக்கலாம்.

பார்க்கின்சனில் சேருவது ஆல்ஃபா-சைநியூக்ளின், 140 அமினோ அமிலங்கள். இதற்கும் டௌவுக்கும் இயல்பாகவே நிலையான வடிவம் கிடையாது. ஏரிக்கே வராமல் மலையில் திரியும் தண்ணீர். ஆக 'தப்பாக மடிவது' என்ற சொல்லே இவற்றுக்கு முழுசாகப் பொருந்தாது. மடியவே மடியாத ஒன்று ஏணியில் மாட்டிக்கொள்கிறது. சில நோயாளிகளின் மூளையில் சிகிச்சையாகக் கருவின் நரம்பு செல்களைப் பதித்திருந்தார்கள். பத்தாண்டுக்கு மேல் கழித்து அவர்கள் இறந்தபின் பார்த்தபோது, அந்த இளம் செல்களுக்குள்ளும் அதே சைநியூக்ளின் உருண்டைகள். 2008-ல் வெளிவந்த இந்த முடிவு, பக்கத்துச் செல்லிலிருந்து நூல் தாண்டியிருக்கலாம் என்ற எண்ணத்தை வலுவாக்கியது. பயந்துவிட வேண்டாம். இது ஒரே மூளைக்குள் நடப்பது. அல்சைமரோ பார்க்கின்சனோ உள்ளவரைத் தொடுவதாலும், குளிப்பாட்டிவிடுவதாலும், கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலும் யாருக்கும் வராது.

ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளைநோய் வேறு மாதிரி. அங்கே வரிசையே மாறியிருக்கிறது. குளூட்டமின் என்ற ஒரே அமினோ அமிலம் அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடத்தில், 26 வரை பிரச்சினையில்லை, 40-ஐத் தொட்டால் நோய் நிச்சயம். எண்ணிக்கை கூடக்கூட நோய் இளவயதிலேயே வரும்.

ஏன் மூளையைக் குறிவைக்கிறது? தோல் செல் பிரியும். பிரியும்போது குப்பை பாதியாகும், பழைய செல் உதிரும். நரம்பு செல் பிரிவதில்லை. பிறந்தபோது வந்தது, 80 வயதிலும் அதேதான் இருக்க வேண்டும். சிலவற்றின் வால் முதுகுத்தண்டிலிருந்து கால் விரல்வரை நீளும். அத்தனை தூரத்துக்கும் செவிலி போக வேண்டும், குப்பை திரும்ப வர வேண்டும். வயது ஏறஏற செவிலிகள் குறைகிறார்கள், அரவை எந்திரமும் மந்தமாகிறது. கரை கரையத் தொடங்குகிறது.

மருந்து உண்டா?

2020-ல் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், வரிசையைக் கொடுத்தால் வடிவத்தைச் சொல்லிவிடும் அளவுக்கு வந்தது. டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024-ல், டேவிட் பேக்கரோடு சேர்த்து, வேதியியல் நோபல். அது சொல்வது ஏரியின் உருவம். கரை எப்போது உடையும் என்று அதைக் கேட்கக்கூடாது.

அமிலாய்டு-பீட்டாவைத் துடைத்தெடுக்கும் எதிர்ப்பொருள் மருந்தான லெகனமாப் 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆரம்பநிலை நோயாளிகளிடம் 18 மாதத்தில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது என்பது செய்தித்தாள் தலைப்பு. 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் அரைப் புள்ளிக்கும் குறைவு. மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் பக்கவிளைவு. ஒன்றுமே இல்லாத இடத்தில் இது முதல் படிதான், மறுக்கவில்லை. ஆனால் கிணற்றில் விழுந்த பிறகு இறைப்பதைவிட கரையைக் கெட்டிப்படுத்துவது மேல் என்று எனக்குத் தோன்றுவதற்கு ஒரு போர்த்துகீசியக் கதை காரணம்.

போர்ட்டோ நகர மருத்துவர் கொரினோ அந்த்ராடே, பக்கத்துக் கடலோர மீனவக் குடும்பங்களில் பாதம் மரத்துப்போய், காலிலிருந்து மேலேறி, சில ஆண்டுகளில் உயிரைக் குடிக்கும் ஒரு நோயை 1952-ல் விவரித்தார். ஊரார் அதைப் பாதநோய் என்றார்கள். கல்லீரல் செய்யும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் காரணம். நான்கு ஒன்றாகச் சேர்ந்து ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனைச் சுமப்பது அது. இந்தக் குடும்பங்களில் 30-ஆம் அமினோ அமிலம் ஒன்று மாறியிருந்ததால் நால்வர் கூட்டு எளிதாகப் பிரிந்தது. தனியாகப் பிரிந்தவை குலைந்து அமிலாய்டாகி நரம்பில் படிந்தன. வரிசை மாறாதவர்களுக்கும் முதுமையில் இதே புரதம் இதயத்தில் படிவதுண்டு. அல்சைமர் கறையின் புரதத்தைப் பிரித்தெடுத்த அதே கிளென்னர் 1995-ல் இறந்தது அப்படித்தான்.

அந்த மீனவக் குடும்பங்களில் சிலருக்கு மட்டும் 30-ஆம் இட மாற்றம் இருந்தும் நோய் வரவில்லை, அல்லது மிக லேசாக வந்தது. சோதித்தால், தாய் தந்தையரில் மற்றவரிடமிருந்து 119-ஆம் இடத்தில் வேறொரு மாற்றத்தையும் பெற்றிருந்தார்கள். அந்த இரண்டாவது மாற்றம் நால்வர் கூட்டைப் பிரியவிடாமல் இறுக்கிவைத்தது. ஜெஃப்ரி கெல்லியின் குழு இதையே ஒரு மூலக்கூறால் செய்ய முயன்றது. தைராய்டு ஹார்மோன் உட்காரும் காலியான குழியில் போய் உட்கார்ந்து நான்கையும் சேர்த்துப் பிடிக்கும் டாஃபமிடிஸ் கிடைத்தது. 2011-ல் ஐரோப்பாவில் நரம்புநோய்க்கும், 2019-ல் அமெரிக்காவில் இதயநோய்க்கும் அனுமதி. தினம் ஒரு மாத்திரை. போன நரம்பை அது திருப்பித் தராது. ஆகவே அந்தக் குடும்பங்களில் இப்போது மரபணுச் சோதனையை முன்கூட்டியே செய்துகொண்டு, பாதம் மரக்கத் தொடங்கியதுமே மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள்.